அப்பாவின் சம்பளமும் பிள்ளையின் ஒன்பதாம் வகுப்பும்

ஜூன் மாதம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. தமிழ்நாட்டிலோ கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் அது. தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் உள்ள பணம் அனுப்பும் கடைகளில் நிற்கும் ஊழியர்கள் பலருக்கு, அந்த மாதம் வீட்டுக்குப் போகும் தொகையில் ஒரு பங்கு பிள்ளைகளின் கட்டணத்துக்கும் சீருடைக்கும் நோட்டுப் புத்தகங்களுக்கும் உரியது.

அதே ஜூன் மாதம் 12ஆம் தேதிதான் உலகக் குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு தினம். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் 2025ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஏறத்தாழ 13 கோடியே 80 லட்சம் பிள்ளைகள் தொழிலாளர்களாக இருக்கின்றனர். அவர்களில் சுமார் 5 கோடியே 40 லட்சம் பேர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து தரும் வேலைகளில் இருப்போர். குழந்தைத் தொழிலை 2025ஆம் ஆண்டுக்குள் அடியோடு ஒழிப்பது என்று உலக நாடுகள் 2015ல் உறுதி எடுத்திருந்தன. அந்த ஆண்டு வந்தும் இலக்கு எட்டப்படவில்லை.

சிங்கப்பூரில் ஒரு கடையிலோ தொழிற்சாலையிலோ பத்து வயதுப் பிள்ளை வேலை செய்வதை நாம் பார்ப்பதில்லை. ஆகவே இது எங்கோ தொலைவில் நடக்கும் விஷயம் என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால், இங்கே உழைக்கும் ஒரு தந்தைக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பதையும் ஊரில் அவருடைய பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்பதையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஒரு சிறு கணக்குப் போட்டாலே அது புரியும்.

கடனோடு தொடங்கும் வேலை

கட்டுமானம், கப்பல் பட்டறை, செயல்முறைத் தொழில் ஆகிய மூன்று துறைகளில் மட்டும் 4 லட்சத்துக்கும் அதிகமான வேலை அனுமதிச் சீட்டுதாரர்கள் சிங்கப்பூரில் இருக்கின்றனர். அவர்களில் கணிசமானோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். முதன்முறை வருபவர் பெரும்பாலும் பயிற்சி நிலையத்துக்கும் முகவருக்கும் பணம் கட்டிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார். அந்தப் பணம் நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ வந்ததாக இருக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் மூன்றரை லட்சம் ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். மாத வட்டி மட்டும் 7,000 ரூபாய். இங்கே அவருக்கு மாதம் 700 வெள்ளி கிடைக்கிறது. சாப்பாடு, தொலைபேசி, கைச்செலவு எல்லாம் சேர்த்து 250 வெள்ளி போனால் மிச்சம் 450 வெள்ளி. ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்றால் ஏறத்தாழ 29,000 ரூபாய். வீட்டுச் செலவுக்கு 15,000 போக, கடனுக்கு 14,000 ரூபாய் கட்டலாம். அதில் முதல் மாதம் பாதி வட்டிக்கே போய்விடும். ஒரு மாதமும் தவறாமல் கட்டினால்கூடக் கடன் அடைய ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிடிக்கும். வேலை அனுமதிச் சீட்டோ பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குத்தான் தரப்படுகிறது.

இந்தக் கணக்கில் நோய்க்கு இடமில்லை, காயத்துக்கு இடமில்லை, நிறுவனம் நொடித்துப்போவதற்கும் இடமில்லை. இரண்டு மாதம் சம்பளம் வராவிட்டால், ஊரில் 30,000 ரூபாய் வீட்டுச் செலவுக்கும் 14,000 ரூபாய் வரை வட்டிக்கும் புதிதாக வழி தேட வேண்டும். மறுபடியும் கடன் வாங்கலாம். கடன் கிடைக்காவிட்டால், வீட்டில் உழைக்கக்கூடிய அடுத்த கை யாருடையது என்ற கேள்வி எழும்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு கண்டம்

அந்தக் கை பெரும்பாலும் 14, 15 வயதுப் பிள்ளையின் கை. இதற்கு வறுமை மட்டுமல்லாமல் சட்டத்தின் அமைப்பும் ஒரு காரணம்.

இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம் 2009ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்விக்கு அது உறுதி தருகிறது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தில் 2016ல் செய்யப்பட்ட திருத்தம், 14 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. பள்ளி நேரத்துக்குப் பிறகு சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் அதில் உண்டு. 14 முதல் 18 வயது வரையிலானோரை ஆபத்தான தொழில்களில் மட்டுமே சேர்க்கக்கூடாது.

அதாவது, பிள்ளை எட்டாம் வகுப்பை முடிக்கும் அதே வயதில் கட்டாயக் கல்வியும் முடிகிறது. வேலைக்கான தடையும் தளர்கிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிள்ளையைப் பள்ளியில் வைத்திருப்பது குடும்பத்தின் வருமானத்தைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது. அப்பா அனுப்பும் பணம் நின்றுபோனால், முதலில் ஆட்டம் காணும் இடம் இதுதான்.

தமிழ்நாட்டின் கொங்குப் பகுதியும் திண்டுக்கல் வட்டாரமும் இதற்குச் சாட்சி. அங்குள்ள நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் பதின்ம வயதுப் பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கி வேலை செய்தனர். மூன்று ஆண்டுகளை முழுதாக முடித்தால் மட்டுமே மொத்தத் தொகை கிடைக்கும். அது திருமணச் செலவுக்கு உதவும் என்பது ஆசை வார்த்தை. இடையில் உடல்நலம் கெட்டு வீடு திரும்பியோருக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனதைத் தொண்டூழிய அமைப்புகள் பலமுறை ஆவணப்படுத்தின. மகள் கையால் திருமணச் செலவைச் சேர்க்கவேண்டிய நிலையில் இருந்த குடும்பங்களைத்தான் அந்தத் திட்டம் குறிவைத்தது.

வயிற்றுக்குச் சோறும் பள்ளிக்கு வழியும்

பிள்ளைகளை வேலையிலிருந்து பள்ளிக்குத் திருப்ப முடியும் என்பதற்கும் நம்மிடமே சான்றுகள் உண்டு.

மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழர்கள் சென்ற காலத்தில், கங்காணி தந்த முன்பணம்தான் முதல் கடன். ஒப்பந்தக் கூலி முறை 1910ல் முடிவுக்கு வந்தது. ஆனால் கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938ல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை நீடித்தது. தோட்டத்தில் பெற்றோரின் கூலி போதாதபோது பிள்ளைகளும் களை பிடுங்கவும் பால் சேகரிக்கவும் போனார்கள். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல தோட்டத் தமிழ்ப் பள்ளிகளுக்கு அச்சட்டம் வழிவகுத்தது. ஆனாலும் பெற்றோரின் கூலி உயராதவரை, பள்ளி இருந்தும் பிள்ளைகள் பாதியில் நின்றார்கள்.

தமிழ்நாட்டில் காமராசர் ஆட்சியில் 1956ல் தொடங்கிய மதிய உணவும், 1982ல் எம்ஜிஆர் விரிவுபடுத்திய சத்துணவும், 2022ல் தொடங்கிய காலை உணவும் ஒரே கணக்கைப் பின்பற்றியவை. பிள்ளை பள்ளிக்குப் போனால் குடும்பத்துக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு மிச்சம். பெற்றோருக்கு அறிவுரை சொல்வதைவிட, அவர்கள் சுமையில் ஒரு பங்கை இறக்கி வைத்தது பலன் தந்தது.

ஏழாயிரம் ரூபாய் வட்டி கட்டும் வீட்டுக்கு ஒரு வேளைச் சாப்பாடு மட்டும் போதாது. அந்த வீட்டின் முதுகெலும்பு, இங்கே நம் கட்டடங்களில் வேலை செய்பவரின் சம்பளம். ஆகவே அந்தச் சம்பளத்தைச் சட்டம் எப்படிக் காக்கிறது என்பதைப் பார்ப்போம்.

கையில் இருக்கவேண்டிய தாள்கள்

முதலாவது, 'ஐபிஏ' என்று ஊழியர்கள் சொல்லும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம். வேலை அனுமதிச் சீட்டில் வருபவருக்கு, சிங்கப்பூருக்குப் புறப்படுவதற்கு முன்பே அவருக்குப் புரியும் மொழியில் அது கிடைக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். அதில் உள்ள சம்பளத்தை ஊழியரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமலும் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்காமலும் முதலாளி குறைக்க முடியாது. ஊரில் முகவர் வாய்வார்த்தையாகச் சொன்ன தொகைக்கு மதிப்பில்லை. கடிதத்தில் உள்ள தொகைக்கே மதிப்பு.

இரண்டாவது, சம்பளச் சீட்டு. 2016 ஏப்ரல் 1 முதல், வேலைச் சட்டத்தின்கீழ் வரும் ஒவ்வோர் ஊழியருக்கும் விவரமான சம்பளச் சீட்டும் முக்கிய வேலை விதிமுறைகளும் எழுத்தில் தரப்படவேண்டும். சம்பள காலம் முடிந்த 7 நாள்களுக்குள் சம்பளமும், 14 நாள்களுக்குள் ஊழியர்கள் 'ஓடி' என்று சொல்லும் கூடுதல் நேர வேலைக்கான ஊதியமும் வந்துவிட வேண்டும். கூடுதல் நேரத்துக்கு, அடிப்படை மணிக்கூலியில் குறைந்தது ஒன்றரை மடங்கு. பொதுவாக, மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் கூடுதல் நேரம் வாங்கக்கூடாது.

மூன்றாவது, ஊழியர் தாமே எழுதி வைக்கும் வேலை நேரக் குறிப்பு. எந்தத் தேதியில், எந்த வேலையிடத்தில், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தார் என்று ஒரு சிறு நோட்டிலோ கைப்பேசியிலோ குறித்து வைத்தால், நாளை 'ஓடி' பணம் குறைந்தது என்று சொல்லும்போது பேச்சுக்கு ஆதாரம் இருக்கும்.

இவற்றோடு தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்களும் உண்டு. வெளிநாட்டு ஊழியர் தீர்வையை முதலாளிதான் கட்ட வேண்டும். ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. மருத்துவச் செலவும் தங்குமிடமும் அவர் பொறுப்பு. சிங்கப்பூர் வேலை முகவர் ஊழியரிடம் வாங்கக்கூடிய கட்டணம், ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான். வேலை தருவதற்கோ சீட்டைப் புதுப்பிப்பதற்கோ முதலாளி பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

ஊரில் கைமாறும் பணம் மட்டும் இந்தச் சட்டங்களுக்கு எட்டுவதில்லை. அதனால்தான், இங்கிருக்கும் சித்தப்பாவோ மாமாவோ ஊரிலிருந்து ஒரு தம்பியைக் கூப்பிடும்போது, 'எவ்வளவு கட்டினால் வேலை கிடைக்கும்' என்று சொல்வதோடு நிறுத்தாமல், ஐபிஏ கடிதத்தைப் பார்த்த பிறகு கடன் வாங்கச் சொல்வது நல்லது.

சம்பளம் வராதபோது

2017ல் சம்பளச் சச்சரவுகளுக்கென இரண்டு அமைப்புகள் உருவாயின. முதலில் 'டாடிஎம்' எனப்படும் முத்தரப்பு அமைப்பில் சமரசப் பேச்சு. அங்கே தீராவிட்டால் வேலைக் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம். மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் ஊழியரே பேசலாம். 20,000 வெள்ளி வரையிலும், தொழிற்சங்கத்தின் துணையோடு வந்தால் 30,000 வெள்ளி வரையிலும் கோரலாம்.

காலக்கெடு முக்கியம். வேலையில் இருப்பவர் ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டவர் 6 மாதத்துக்குள்ளும் புகார் கொடுக்க வேண்டும். 'அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்' என்ற பேச்சை நம்பிப் பலர் நாளைக் கடத்திவிடுகிறார்கள். கடன் இருப்பவருக்கு வேலையை இழக்கும் பயம் அதிகம். அந்தப் பயத்தாலேயே அவருடைய கோரிக்கை காலாவதியாகிறது.

வேலையில் காயமடைந்தவருக்கு வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் உண்டு. வெளிநோயாளியாக மருத்துவ விடுப்பில் இருக்கும் முதல் 14 நாள்களுக்கு முழுச் சம்பளமும், அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கும் கிடைக்கும். மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவருக்கு 60 நாள்கள் வரை முழுச் சம்பளம்.

ஆனால் வழக்கு முடியும்வரை வாழ்வது எப்படி? லிட்டில் இந்தியாவின் கஃப் சாலையின் பெயரில் தொடங்கிய ஒரு முயற்சி அதற்கு விடையாக வந்தது. டிடபிள்யுசி2 என்னும் தொண்டூழிய அமைப்பு 2008 முதல், காயத்தாலோ சம்பள வழக்காலோ வேலையின்றி இருக்கும் ஊழியர்களுக்கு அந்த வட்டாரத்தில் இலவச உணவு தந்து வருகிறது. சாப்பிட வருபவரிடம் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று தொண்டூழியர்கள் விசாரித்து வழிகாட்டுகிறார்கள். பலருக்கு முதல் ஆலோசனை கிடைப்பதே சோற்றுத் தட்டின் முன்புதான்.

என்டியுசியும் சிங்கப்பூர் தேசிய முதலாளிகள் சம்மேளனமும் 2009ல் அமைத்த வெளிநாட்டு ஊழியர் நிலையமும் உதவுகிறது. அதன் 24 மணி நேர உதவி எண் 6536 2692. இந்த எண்ணை ஓர் ஊழியரின் கைப்பேசியில் பதிந்து கொடுக்க ஒரு நிமிடம் போதும்.

நம் வீட்டு இளையரின் முதல் வேலை

இந்தப் பாதுகாப்புகள் வெளிநாட்டு ஊழியருக்கு மட்டும் உரியவை அல்ல. ஜூன் விடுமுறையில் கடையில் பொட்டலம் கட்டவும் உணவகத்தில் பரிமாறவும் போகும் நம் பிள்ளைகளுக்கும் சட்டம் உண்டு.

13 வயதுக்கு உட்பட்டோர் எந்த வேலையும் செய்யக்கூடாது. 13 வயது நிரம்பி 15 வயதாகாதவர்கள், தொழிற்சாலை சாராத இலகுவான வேலைகளை மட்டும் செய்யலாம். இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை அவர்களை வேலை வாங்கக்கூடாது. நாளுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு தரவேண்டும். கட்டாயக் கல்விச் சட்டம் 2003 முதல் நடப்பில் உள்ளது. மிக மோசமான குழந்தைத் தொழில்களுக்கு எதிரான அனைத்துலக உடன்பாட்டில் சிங்கப்பூர் 2001லும், வேலைக்கான குறைந்தபட்ச வயது பற்றிய உடன்பாட்டில் 2005லும் சேர்ந்தது. இந்தியா இந்த இரண்டிலும் 2017ல் சேர்ந்தது.

படிப்பை முடித்த இளையருக்கு வேறு சோதனை. உணவு விநியோகம், தனியார் வாடகை கார் போன்ற வேலைகளில் அன்றன்றைக்குக் காசு கையில் வரும். ஆனால் நீண்ட காலமாக அந்த வேலைகளில் சேமநிதியும் இல்லை, காயத்துக்கு உரிய இழப்பீடும் இல்லை. 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த தளமேடை ஊழியர் சட்டம் அதை மாற்றத் தொடங்கியுள்ளது. 1995 ஜனவரி 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தோருக்கு உயர்த்தப்படும் மத்திய சேமநிதிப் பங்களிப்பு கட்டாயம். மற்ற ஊழியர்களுக்கு இணையான காய இழப்பீடும், தங்கள் சார்பில் பேச அமைப்பு வைத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு.

அலுவலக வேலையில் சேரும் பட்டதாரிக்கும் 2019 ஏப்ரல் முதல் வேலைச் சட்டத்தின் அடிப்படைப் பாதுகாப்பு உண்டு. அதற்கு முன், மாதம் 4,500 வெள்ளிக்கு மேல் வாங்கிய மேலாளர்களும் நிர்வாகிகளும் அச்சட்டத்துக்கு வெளியே இருந்தார்கள். முதல் வேலைக் கடிதம் வந்ததும் சம்பள எண்ணை மட்டும் பார்க்காமல், தகுதிகாண் காலம், முன்னறிவிப்புக் காலம், வேலை நேரம் ஆகியவற்றையும் வாசிக்கும்படி பிள்ளைகளிடம் பெற்றோர் சொல்லலாம். அந்தப் பழக்கம் உள்ளவர், நாளை மேலாளராகும்போது தம்கீழ் வேலை செய்பவரின் சம்பளச் சீட்டையும் மதிப்பார்.

நாமும் முதலாளிகள்தாம்

வீட்டுப் பணிப்பெண்ணை வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. பணிப்பெண்ணின் குறைந்தபட்ச வயது 23. அந்த வயதில் பலர் தாய்மார்கள். இங்கே நம் பிள்ளைக்குச் சோறு ஊட்டுபவரின் பிள்ளை ஊரில் பாட்டி வீட்டில் வளரும். 2013 முதல் வாரந்தோறும் ஓய்வு நாள் விதி உள்ளது. 2023 முதல், மாதத்தில் குறைந்தது ஒரு ஓய்வு நாளையாவது பணமாக ஈடுகட்டாமல் ஓய்வாகவே தரவேண்டும். 'சம்பளத்தை நாங்களே சேர்த்து வைத்து மொத்தமாகத் தருகிறோம்' என்று நல்லெண்ணத்தில் சொல்லும் குடும்பங்களும் உண்டு. அது சட்டப்படி தவறு. ஊரில் பள்ளிக் கட்டணம் கட்டவேண்டிய தேதி நம் வசதிக்காகக் காத்திருக்காது.

வீட்டைப் புதுப்பிக்க ஒப்பந்தக்காரரைத் தேடும்போதும் அப்படித்தான். மூன்று பேரிடம் விலை கேட்டு, மற்ற இருவரைவிட மிகக் குறைவாகச் சொன்னவரைத் தேர்ந்தெடுக்கிறோம். பொருள் விலை மூவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. மிச்சம் பிடித்த பணம் யாருடைய கூலியிலிருந்து வந்தது என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். கடை நடத்தும் அன்பர்களும் தங்கள் ஊழியருக்கு ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டு தருகிறோமா, அதில் உள்ள தொகைதான் அவர் கைக்குப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

1999ல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 'கண்ணியமான வேலை' என்ற சொல்லை முன்வைத்தது. பெரிய மாநாடுகளில் பேசப்படும் அந்தச் சொல்லுக்கு நம் தெருவில் எளிய பொருள் உண்டு: பேசிய சம்பளம், பேசிய நாளில், பேசியபடி முழுதாக. அது நடந்தால் ஊரில் ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் தன் பெயரைப் பதிந்துகொள்ளும்; அதற்குப் பிறகு பத்தாம் வகுப்புக்கும் போகும்.